நாற்பதைக் கடந்த பெண்களின் இதயம்: புணே கிராமங்கள் தரும் எச்சரிக்கை

புது தில்லி: நாடாளுமன்றத்தில் பெண்கள் நலம் பற்றி விவாதம் வரும்போதெல்லாம் ஒரு புள்ளிவிவரம் தவறாமல் இடம்பெறும். அது பேறுகால மரண விகிதம். 2004-06-ல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 254 ஆக இருந்த அந்த எண்ணிக்கை, 2018-20-ல் 97 ஆகக் குறைந்தது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய சாதனைதான். ஆனால், பிரசவத்தில் காப்பாற்றப்பட்ட அந்தத் தாய் 45 வயதை எட்டும்போது அவளது உயிருக்கு உலை வைப்பது எது என்ற கேள்வியை அவையில் எழுப்புவோர் அரிது.

அதற்கான விடை மருத்துவ உலகம் அறிந்ததுதான். 2019-ல் உலகெங்கும் நிகழ்ந்த பெண்களின் மரணங்களில் 35 சதவீதத்துக்கு இதயம் மற்றும் ரத்தநாள நோய்களே காரணம். வேறு எந்த நோயும், எந்தப் புற்றுநோயும் இந்த அளவுக்குப் பெண்களைப் பலி கொள்வதில்லை. இந்தியாவில் ஆண், பெண் இரு பாலரையும் சேர்த்துப் பார்த்தால், 1990-ல் மொத்த மரணங்களில் 15.2 சதவீதமாக இருந்த இந்நோய்களின் பங்கு, 2016-ல் 28.1 சதவீதமாக உயர்ந்தது. கால் நூற்றாண்டில் ஏறத்தாழ இரு மடங்கு.

அமெரிக்காவில் மாரடைப்பு மரணங்கள் 1960-களின் இறுதியில் உச்சத்தைத் தொட்டு, பின்னர் தொடர்ந்து சரிந்தன. அங்கே இறங்கிய கோடு இங்கே ஏறியது ஏன்? அதிலும், "இது ஆம்பளைகளுக்கு வரும் நோய்" என்று நம்பிக்கொண்டிருந்த நம் வீட்டுப் பெண்களிடம் இதன் அடையாளங்கள் பெருகியது எப்படி? இக்கேள்விகளுக்கான விடையின் முக்கியமான ஒரு பகுதி, தில்லியில் அல்ல. மகாராஷ்டிர மாநிலம் புணேயை அடுத்த ஆறு கிராமங்களில் கிடைத்தது.

ஆறு கிராமங்கள், ஓர் ஆய்வு: புணேயில் உள்ள கே.இ.எம். மருத்துவமனைக்குக் கிராமப்புறச் சேவையில் நீண்ட வரலாறு உண்டு. பல்லாண்டுக் காலம் அதை வழிநடத்திய டாக்டர் பானு கோயாஜி, மருத்துவமனையின் சேவையை நகர எல்லையைத் தாண்டி வடு உள்ளிட்ட கிராமங்களுக்குக் கொண்டு சென்றவர். 1993-ல் மகசேசே விருது பெற்றவர். அதே 1993-ல்தான், அம்மருத்துவமனையின் நீரிழிவு ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த டாக்டர் சி.எஸ். யாக்னிக் தலைமையில் "புணே தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு" தொடங்கப்பட்டது. புணேயின் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனமும், இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் நகர ஆய்வாளர்களும் அதில் கைகோத்தனர்.

திருமணமான 2,400-க்கும் மேற்பட்ட இளம்பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே கண்காணிக்கப்பட்டனர். 1994-க்கும் 1996-க்கும் இடையே அவர்களில் கருவுற்றவர்களின் உணவு, உடலுழைப்பு, ரத்தத்தில் உள்ள சத்துகள் அனைத்தும் பதிவு செய்யப்பட்டன. அத்தாய்மார்களின் சராசரி வயது 21. சராசரி உயரம் 152 செ.மீ.; எடை 42 கிலோ மட்டுமே. வயல் வேலை, தண்ணீர் சுமப்பது, வீட்டு வேலை என ஓய்வில்லாத உழைப்பு. வேலைப்பளு அதிகமாக இருந்த தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகள் சிறுத்திருந்தன. கீரை, பழம், பால் ஆகியவற்றைக் கூடுதலாக உண்டவர்களின் குழந்தைகள் சற்றுத் திடமாகப் பிறந்தன.

பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. அதே காலத்தில் சௌத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 3.5 கிலோ. இதில் வியப்பில்லை. வியப்பு அடுத்த கணக்கில் இருந்தது. புணே குழந்தைகளின் தசையும், வயிற்றுப் பகுதி உறுப்புகளும் பெரிதும் சிறுத்திருந்தனவே தவிர, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிந்தும், உள்ளே கொழுத்தும் பிறக்கும் இக்குழந்தைகளை "மெலிந்த-கொழுத்த இந்தியக் குழந்தை" என்று 2003-ல் வெளியான ஆய்வறிக்கை வருணித்தது.

மெலிந்த உடல், ஒளிந்த கொழுப்பு: இதை விளக்க யாக்னிக்கும், லண்டனைச் சேர்ந்த அவருடைய நண்பர் பேராசிரியர் ஜான் யுட்கினும் 2004-ல் "லான்செட்" மருத்துவ இதழில் தங்கள் இருவரின் புகைப்படத்தையே வெளியிட்டனர். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3, ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. ஆனால் உடற்கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். எடை பார்க்கும் இயந்திரம் மட்டுமே இந்தியரின் உடல்நிலையைச் சொல்லிவிடாது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

கருவிலேயே இதய நோய்க்கு வித்திடப்படுகிறது என்ற கருத்தை முதலில் வலுவாக முன்வைத்தவர் சௌத்தாம்ப்டனைச் சேர்ந்த டேவிட் பார்க்கர். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் பழைய பிறப்புப் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்டு அவர் வெளியிட்ட ஆய்வு, எடை குறைந்து பிறந்தவர்கள் பிற்காலத்தில் இதய நோயால் இறப்பது அதிகம் என்று காட்டியது. அது இந்தியாவுக்குப் பொருந்துமா என்ற ஐயத்தை மைசூர் தீர்த்து வைத்தது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934-க்கும் 1954-க்கும் இடையே பிறந்த ஆண்களையும் பெண்களையும் தேடிப்பிடித்து ஆராய்ந்ததில், 45 வயதைக் கடந்தவர்களில், மிகக் குறைந்த எடையுடன் பிறந்தவர்களிடையே இதய நாள நோய் 11 சதவீதம் காணப்பட்டது. நல்ல எடையுடன் பிறந்தவர்களிடையே அது 3 சதவீதம்தான். 1996-ல் வெளியான முடிவு இது.

மாறிய தட்டு, மாறாத உடல்: பஞ்சத்துக்குப் பழகிய உடல் வளமான சூழலுக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் மூன்று சுற்றுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்த மாற்றத்தின் வேகம் புரியும். 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் அதிக எடையோ, உடற்பருமனோ கொண்டவர்கள் 2005-06-ல் 12.6 சதவீதம், 2015-16-ல் 20.6 சதவீதம், 2019-21-ல் 24 சதவீதம். உடல் மெலிந்தவர்கள் இதே காலத்தில் 35.5 சதவீதத்திலிருந்து 18.7 சதவீதமாகக் குறைந்தனர்.

மகாராஷ்டிரத்தில் 2015-16, 2019-21 ஆகிய இரு ஆய்வுகளிலும் அதிக எடை கொண்ட பெண்கள் 23.4 சதவீதம் என ஒரே அளவில் நின்றனர். தமிழகமோ நிற்கவில்லை. 2005-06-ல் 20.9 சதவீதமாக இருந்தது, 2015-16-ல் 30.9 ஆகவும், 2019-21-ல் 40.4 ஆகவும் உயர்ந்தது. பத்துப் பெண்களில் நால்வர். சத்துணவுக்கும் பொது விநியோகத்துக்கும் பேர்போன மாநிலம், பசியை வென்ற கையோடு அடுத்த போரில் பின்தங்கி நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எடையை விட்டுவிட்டு இடுப்புச் சுற்றளவைப் பார்த்தால் நிலைமை இன்னும் கவலைக்குரியது. ஐந்தாவது குடும்பநல ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2023-ல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, வயிற்றுப் பருமன் பெண்களிடம் 40 சதவீதம். ஆண்களிடம் 12 சதவீதம். 30 முதல் 49 வயது வரையிலான பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பத்துக்கு ஐந்தாறு பேர். ஆண்களைவிட மூன்று மடங்குக்கும் மேலான இந்த வித்தியாசம், "ஆம்பளைகளின் நோய்" என்ற பழைய நம்பிக்கையைத் தகர்த்துவிடுகிறது.

அதே ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் 21.3 சதவீதத்தினருக்கு ரத்த அழுத்தமும், 13.5 சதவீதத்தினருக்குச் சர்க்கரை அளவும் அதிகமாக இருந்தன, அல்லது அவற்றுக்கு அவர்கள் மருந்து உட்கொண்டனர். தமிழகப் பெண்களில் இவை முறையே 24.8, 20.7 சதவீதம். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. மோகன், டாக்டர் ஆர்.எம். அஞ்சனா ஆகியோரின் பங்களிப்புடன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நாட்டில் நீரிழிவு உள்ளோர் சுமார் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்போர் சுமார் 13.6 கோடி.

இதற்கிடையே பழைய பிணி ஒன்றும் விலகியபாடில்லை. 15-49 வயதுப் பெண்களிடையே ரத்தசோகை 2015-16-ல் 53.1 சதவீதமாக இருந்தது. 2019-21-ல் 57 சதவீதமாகக் கூடியது. ஒரே வீட்டில், ஏன், ஒரே உடலிலேயே ரத்தசோகையும் பருமனும் கூடி வாழ்கின்றன. வயிறு நிறைகிறது, சத்து சேர்வதில்லை. புணே கிராமங்களில் கர்ப்பிணிகளில் மூன்றில் இரு பங்கினருக்குப் பி12 உயிர்ச்சத்து குறைவாக இருந்தது. அவர்களில் ஃபோலேட் சத்து மட்டும் அதிகமாக இருந்தவர்களின் குழந்தைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரிவர வேலை செய்யாத அறிகுறி தென்பட்டது. தாயின் தட்டில் இருப்பது அடுத்த தலைமுறையின் ரத்தத்தில் எழுதப்படுகிறது என்பதுதான் இதன் பொருள்.

இயற்கையின் காப்பு நீங்கும் வயது: மாதவிடாய் நிற்கும் வரை பெண்ணின் இதயத்துக்கு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஓரளவு காப்பாக இருக்கிறது. அது நின்றபின் தீய கொழுப்பு கூடுகிறது. எடை வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. ரத்த அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. மேலை நாடுகளில் இது பெரும்பாலும் 51 வயதை ஒட்டி நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்கோ சுமார் 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. காப்பு நீங்கும் காலம் நம் பெண்களுக்கு நான்கைந்து ஆண்டுகள் முந்திவிடுகிறது. நீரிழிவு உள்ள பெண்ணுக்கு அந்தக் காப்பு அதற்கும் முன்பே பெரிதும் பயனற்றுப் போகிறது.

ஹார்மோன் மாத்திரையால் இந்த இழப்பை ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது. 2002-ல் அமெரிக்காவின் பெரிய பரிசோதனை ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இரு ஹார்மோன்களையும் சேர்த்து உட்கொண்ட பெண்களுக்கு நன்மையைவிடத் தீங்கே மிகுதி எனத் தெரியவந்தது. எனவே குறுக்கு வழி இல்லை. அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகையிலை, உணவு, நடை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கட்டுக்குள் கொண்டுவருவதே வழி. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான "இன்டர்ஹார்ட்" ஆய்வு, இத்தகைய ஒன்பது காரணிகளே பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஏற்படும் அபாயத்தில் 94 சதவீதத்துக்குக் காரணம் என்று கணக்கிட்டது. ரத்த அழுத்தமும் நீரிழிவும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகத் தீங்கு செய்வதாகவும் அது கண்டறிந்தது. விதி என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை.

அடுப்படியும் மிஷ்ரியும்: ஆபத்துக் காரணிகள் என்றால் சிகரெட்டும் மதுவும் நினைவுக்கு வருவது இயல்பு. பெண்களின் ஆபத்து வேறு உருவங்களில் வருகிறது. மகாராஷ்டிர கிராமப்புறங்களில், புகையிலையைச் சுட்டுக் கருக்கிப் பொடியாக்கிய "மிஷ்ரி"யைப் பல்துலக்கும் பழக்கம் பெண்களிடையே பரவலானது. புகை பிடிப்பதாக யாரும் அவர்களைச் சொல்ல மாட்டார்கள். ஆயினும் நிகோட்டின் உடலில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இன்னொன்று விறகடுப்பு. 2016-ல் உஜ்வலா திட்டம் தொடங்கிய பின்னும், 2019-21-ல் நாட்டின் குடும்பங்களில் 58.6 சதவீதமே தூய எரிபொருளைப் பயன்படுத்தின. எஞ்சிய வீடுகளில் புகையைச் சுவாசித்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

"வீட்டு வேலையே போதுமான உடற்பயிற்சி" என்பதும் நம்மிடையே நிலவும் சமாதானம். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். மிக்ஸியும் கேஸ் அடுப்பும் வந்த வீட்டில் அந்த நேரம் பெருமளவில் நின்றபடியும் உட்கார்ந்தபடியும் கழிகிறது. மூச்சு வாங்க நடப்பதற்கும், தனக்கென ஒரு முறை மருத்துவமனைக்குச் சென்று வருவதற்கும் வேண்டிய நேரத்தை அது விழுங்கிவிடுகிறது. கணவரின் மாத்திரைக் கணக்கை விரல்நுனியில் வைத்திருக்கும் மனைவிக்குத் தன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்திருப்பதில்லை. நெஞ்சு கனத்தால் வாயு என்று எண்ணி ஓமநீர் குடித்துவிட்டு வேலையைத் தொடர்கிறாள்.

ஆய்வுலகமும் இதில் குற்றமற்றதல்ல. புணேயில் கிராமம், குடிசைப்பகுதி, நகர நடுத்தர வர்க்கம் ஆகிய மூன்று பிரிவுகளை ஒப்பிட்டு நடந்த முக்கியமான இதய ஆபத்து ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் நடுவயது ஆண்கள் மட்டுமே. உலகின் பல பெரிய ஆய்வுகளின் கதையும் நீண்ட காலம் இதுதான்.

அரசின் பார்வையில் விழாத பெண்: அரசின் ஏற்பாடுகள் எப்படி? 2010-ல் 100 மாவட்டங்களில் தொடங்கப்பட்ட தொற்றா நோய்த் தடுப்புத் திட்டம் பின்னர் நாடெங்கும் விரிந்தது. 30 வயதைக் கடந்த அனைவருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதனை என்பது கொள்கையாகிவிட்டது. 2017-ல் தொடங்கிய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியின் முதல் ஐந்து மாநிலங்களில் மகாராஷ்டிரமும் ஒன்று. தமிழகம் 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" என மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. தொழிற்சாலைகளில் உருவாகும் தீய கொழுப்பின் அளவு சமையல் எண்ணெய்களில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இவை நல்ல அடிகள்.

குறை, திட்டங்களின் இணைப்பில் இருக்கிறது. கர்ப்பம் என்பது பெண்ணின் இதயத்துக்கு இயற்கை வைக்கும் முதல் தேர்வு. கர்ப்ப காலத்தில் வலிப்புக்கு முந்தைய நிலை வரை ரத்த அழுத்தம் ஏறிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. பேறுகாலச் சர்க்கரை நோய் கண்டவருக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏழு மடங்கு என்று 2009-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறியது. பிற்பாடு வந்த கணக்குகள் அதை மேலும் உயர்த்தின. இவ்விவரங்கள் தாய்-சேய் நல அட்டையில் பதிவாகின்றன. பிரசவம் முடிந்ததும் அந்த அட்டையின் வேலை முடிந்துவிடுகிறது.

30 வயதில் அதே பெண்ணின் வீட்டுக்கு ஆஷா பணியாளர் வேறொரு படிவத்துடன் வருகிறார். வயது, புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் நோய் என ஆறு கேள்விகளுக்கு மதிப்பெண் இடப்படுகிறது. கர்ப்ப காலத்தில் அழுத்தமோ சர்க்கரையோ இருந்ததா என்ற கேள்விக்கு அம்மதிப்பெண்ணில் இடமில்லை. கையில் இருந்த மிக மலிவான முன்னெச்சரிக்கையை அரசே கோட்டை விடுகிறது. குடும்பநல ஆய்வும் பெண்ணின் எடைக் கணக்கை 49 வயதோடு முடித்துக்கொள்கிறது. பிள்ளைப்பேற்றுக்கு உரியவளாக இருக்கும் வரைதான் பெண் அரசின் கணக்கில் முழுமையாக வருகிறாள் என்று தோன்றுகிறது.

பணமும் ஒரு கேள்வி. பொது சுகாதாரத்துக்கான அரசுகளின் செலவை 2025-க்குள் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 சதவீதமாக உயர்த்துவது என்றும், இதய நோய், நீரிழிவு முதலியவற்றால் ஏற்படும் அகால மரணங்களை அதே ஆண்டுக்குள் 25 சதவீதம் குறைப்பது என்றும் 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை இலக்கு வைத்தது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மத்திய அரசு மாநிலங்களைக் கைகாட்டுவதும், மாநிலங்கள் நிதியைக் கேட்டுத் தில்லியைக் கைகாட்டுவதும் வாடிக்கையாகிவிட்டன.

செலவு அதிகம் பிடிக்காத வழிகள் உள்ளன. தாய்-சேய் அட்டையையும் 30 வயதுப் பரிசோதனைப் படிவத்தையும் இணைக்கலாம். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாய்க்கு ஆண்டுக்கு ஒரு முறை அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கலாம். எடையோடு ஓர் அளவு நாடாவும் துணை சுகாதார நிலையத்தில் இருந்தால் போதும். பெண்ணுக்கு 80 செ.மீ. என்ற எல்லையை ஊரறியச் சொல்லலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-லேயே சிறுதானியங்களுக்கு இடமளித்தது. ரேஷன் கடையில் அரிசி, கோதுமையோடு கேழ்வரகும் சோளமும் பருப்பும் தவறாமல் கிடைத்தால் தட்டு மாறும். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் கடன் கணக்கோடு ரத்த அழுத்தக் கணக்கும் எழுதப்படலாம்.

அவசரம் ஏன் என்பதற்கும் புணே கிராமங்களே சான்று. 1994-க்கும் 1996-க்கும் இடையே அங்கு பிறந்த குழந்தைகளை 18 வயதில் மீண்டும் பரிசோதித்தபோது, இளைஞர்களில் 37 சதவீதத்தினருக்கும், இளம்பெண்களில் 18 சதவீதத்தினருக்கும் சர்க்கரைக் கட்டுப்பாடு குலைந்திருந்தது. இத்தனைக்கும் அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் எடை குறைந்தவர்கள். பருமன் வருவதற்கு முன்பே பாதிப்பு வந்துவிட்டது. வளரிளம் பருவத்திலேயே பி12 சத்தைக் கொடுத்து, அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளையாவது காக்க முடியுமா என்று சோதிக்கும் முயற்சி 2012-ல் அங்கு தொடங்கியது.

அந்த ஆய்வில் பங்கேற்ற தாய்மார்கள் ஐம்பதைக் கடந்துவிட்ட தலைமுறை. அவர்களுடைய பெண்கள் முப்பதைத் தொட்டுவிட்டார்கள்; அரசின் பரிசோதனைக்கு உரிய வயது அதுதான். தாய்மார்களின் தலைமுறைக்கு உரிய நேரத்தில் எதையும் செய்யத் தவறினோம். மகள்களின் தலைமுறை நடுவயதை எட்ட இன்னும் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. 2023-ல் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு வழங்கும் அரசியல் சட்டத் திருத்தத்தைக் கட்சி வேறுபாடின்றி நிறைவேற்றிய அவை, அப்பெண்கள் நலமாக வாழ்ந்து அந்த இருக்கைகளில் அமர வேண்டும் என்பதிலும் அதே ஒற்றுமையைக் காட்டலாம். பேறுகால மரணத்தைக் குறைத்துக் காட்டிய நாட்டுக்கு இது இயலாத காரியமல்ல.